விடுதலை இரண்டா, ஒன்றா?

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசுவது நம் தொழிலன்று. நம் தொழில் ரயில்வேயில் எழுத்தர் வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அதன்பின் நாம் படித்தவையெல்லாம் சரக்குச் சீட்டும், கணக்கேடும், வேதாகமமும், இச்சங்கத்து அலமாரியில் கைக்கு எட்டிய சில நூல்களுமே. சென்ற ஆண்டுகளில் புலவர் பெருமக்கள் நின்று பேசிய இடத்தில் நாம் நிற்பதற்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் செயலாளர் விடவில்லை. நாட்டு விடுதலை, ஆன்ம விடுதலை என்னும் இரண்டையும் பற்றிக் கிறிஸ்தவர் ஒருவர் பேசினால் நன்றாயிருக்கும் என்றார். இச்சங்கம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான தமிழ் வீடு. ஆதலால் சமயப் பிரசாரம் செய்ய நாம் இங்கு வரவில்லை. நம் வீட்டு விளக்கின் வெளிச்சத்தில் எல்லார்க்கும் பொதுவான பொருள் ஒன்றைப் பார்த்து, கண்டதைச் சொல்லவே வந்தோம்.

இப்பொருள் நம் மனத்தில் புகுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் ஆஸ்டின் டவுனில் ஆகஸ்டு 15ஆம் நாள் எவ்வாறு விடிகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். கத்தோலிக்க அன்பர்களுக்கு அது தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். நாட்டார் அனைவர்க்கும் அது சுதந்திரத் திருநாள். ஒரு பக்கம் ஆலய மணி ஒலிக்கும். மற்றொரு பக்கம் தெருமுனையில் கொடி ஏறும். விவேக் நகர் குழந்தை ஏசு ஆலயத்திற்குப் பூவும் மெழுகுவத்தியும் ஏந்திச் செல்லும் தாய்மார்களும், பந்தாட்ட மைதானத்தில் மிட்டாய்க்காகக் காத்து நிற்கும் சிறுவர்களும் ஒரே தெருவில்தான் நடக்கின்றனர். நாம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர் ஆதலின் நமக்கு அன்று கொடி மட்டுமே. மிட்டாய் மட்டும் இரண்டு வீட்டிலிருந்தும் வரும்.

சென்ற ஆண்டு கொடியேற்றம் முடிந்த பின், கல்லூரியிற் பயிலும் இளைஞன் ஒருவன் நம் அருகில் வந்தான். இந்துக் குடும்பத்துப் பிள்ளை; நம் மடியில் விளையாடி வளர்ந்தவன். "மாமா, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் விடுதலை, விடுதலை என்று பாடுகிறீர்கள். நாடு விடுதலைக்காகப் போராடியபோது உங்கள் திருச்சபை எங்கே இருந்தது?" என்றான். அவன் கேட்டதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். இதற்கு விடை நம்மிடம் இல்லை. "பிறகு சொல்கிறேன், தம்பி" என்று மிட்டாயை அவன் கையில் வைத்து அனுப்பினோம். அந்தப் 'பிறகு' வருவதற்கு ஓராண்டு ஆயிற்று. இன்று நாம் சொல்லப் போவது அவனுக்குத் தர வேண்டிய கடன்.

முதலில் நம் வீட்டுக் கதை. நம் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர். வெள்ளைப் பட்டாளத்துச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். இப்பேட்டையில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மூதாதையரும் சமையற்காரராகவோ, குதிரைக்காரராகவோ, சலவைத் தொழிலாளராகவோ தண்டை நம்பி வந்தவர்களே. கண்டோன்மென்ட் எனப்பட்ட இந்தப் பகுதி மைசூர் மன்னர் ஆட்சியிலும் இல்லை. ஆங்கிலேயர் நேரே ஆண்ட இது, 1947ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள்தான் மைசூருக்குத் திருப்பித் தரப்பட்டது. அதிலிருந்து இருபதாம் நாள் நாடே விடுதலை பெற்றது. ஊரெல்லாம் ஆரவாரம். நம் பாட்டனாரோ அன்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாராம். "துரைமார் போய்விட்டால் நமக்குச் சோறு யார் போடுவார்?" என்று கேட்டாராம். இதை நம் தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்வார். சிறுவயதில் நாமும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வருவதில்லை.

ஏனெனில் அவ்வழுகை வேதாகமத்திலேயே உளது. எகிப்து நாட்டில் செங்கல் அறுத்து அடிமைகளாய்க் கிடந்த இஸ்ரவேல் மக்களை மோசே கடல் கடத்திக் கொண்டுவந்தார். பாரவோனின் படை பின்னால் மூழ்கிற்று. அரசியல் விடுதலை ஓர் இரவில் வந்துவிட்டது. ஆனால் பாலைவனத்தில் சில நாள் நடந்ததும் அவர்கள் என்ன கேட்டார்கள்? எகிப்தில் தின்ற மீனையும், வெள்ளரிக்காயையும், வெங்காயத்தையும், பூண்டையும் நினைத்து அழுதார்கள். உடல் எகிப்தை விட்டு வெளியேறியது, நாக்கு வெளியேறவில்லை. அந்த நாக்கை மாற்றுவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. நம் பாட்டனாரை நாம் பழிக்கவில்லை. பசியறிந்தவர் அழுத அழுகை அது. பசியறியாதவர் சிலரும் அன்று அழுதார்கள் என்பதுதான் வேறு கதை.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். திருச்சபை எங்கே இருந்தது? மறைக்காமற் சொன்னால், பெரும்பகுதி ஒதுங்கியே நின்றது. மேனாட்டு மிஷன்கள் கட்டிய பள்ளியும் மருத்துவமனையும் அரசின் தயவில் நடந்தன; சம்பளம் கடல் கடந்து வந்தது. ஆளும் இனத்தின் சமயமும் நம் சமயமும் ஒன்று என்ற மயக்கம் பலர்க்கு இருந்தது. ஆயினும் அச்சம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கு ஓர் அழகிய சொல் கிடைத்தது: எங்கள் ஆண்டவர் தருவது ஆன்ம விடுதலை, நாட்டு விடுதலை உலகத்தார் காரியம். இச்சொல் கேட்பதற்குப் பத்தியாகத் தோன்றும். உள்ளே பார்த்தால் அது மழைக்கு ஒதுங்கிய தாழ்வாரம்.

நாசரேத்தூர்த் தொழுகைக்கூடத்தில் இயேசு பெருமான் ஏசாயாவின் சுருளை விரித்து வாசித்த பகுதி ஏழைகளையும், சிறைப்பட்டோரையும், நொறுக்கப்பட்டோரையும் பற்றியது. அவர்தம் நாடு அன்று ரோமருக்கு அடிமை. ஆகவே விடுதலை என்ற சொல்லை அவர் வாயிற் கேட்ட எவரும் அதை ஆன்மாவுக்கு மட்டும் ஒதுக்கிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வாளெடுக்கவில்லை என்பது மெய். அதனால் அவர் அடிமைத்தனத்தை ஒப்புக்கொண்டார் என்பது பொய்.

அப்படியானால் ஒதுங்காமல் நின்ற கிறிஸ்தவர் எவரும் இலரா? இருந்தனர். அவர்களில் சிலரைக் காண நாம் அதிகத் தொலைவு போக வேண்டியதில்லை. ரயில்வேக்காரன் வழியில் சொல்கிறோம்: கண்டோன்மென்ட் நிலையத்தில் ஏறிக்கொள்ளுங்கள். 1864ஆம் ஆண்டு இந்த ஊருக்கு முதன்முதல் வந்த இருப்புப் பாதை ஜோலார்பேட்டையிலிருந்து வந்தது. ஜோலார்பேட்டையில் பாதை பிரிகிறது. ஒரு கிளை சென்னைக்கு. மற்றொன்று திருப்பத்தூர் வழியாகச் சேலத்திற்கு. இந்த இரண்டாம் கிளையில் மட்டும் சிறிது தூரம் போவோம்.

திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் இருவர். ஒருவர் பாளையங்கோட்டைத் தமிழர், மருத்துவர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்து நாட்டுச் செல்வக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் எர்னஸ்டு பாரஸ்டர் பேட்டன். ஊரார் முன்னவரைப் பெரியண்ணன் என்றும், பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். வெள்ளையர் சின்னண்ணனாகவும் தமிழர் பெரியண்ணனாகவும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர் என்பதை அக்காலத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள்! இருவரும் கதர் உடுத்தினர். மணம் செய்துகொள்ளாமல் நோயாளிகளுக்கு ஊழியம் செய்தனர். செபாலயத்தையும் தமிழ்நாட்டுக் கோயிற் பாணியிலேயே எழுப்பினர். 1932ஆம் ஆண்டு சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதராடையோடு நின்ற சின்னண்ணன் போலீசாரின் தடியடிக்கு உள்ளானார். அவர்மேல் சாய நீரையும் பீய்ச்சி அடித்தனர். வெள்ளையர் ஒருவர் அடிபட்டதனால் இலண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதே தெருவில் அடிபட்ட கறுப்பர்களுக்காக அங்கு யார் கேட்டார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதே பாதையில் மேலும் சென்றால் சேலம். அங்கு 1876இல் பிறந்தவர் கே. டி. பால் அவர்கள். ஒய். எம். சி. ஏ. இயக்கத்தின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டிற்குக் கிறிஸ்தவர் பிரதிநிதியாகச் சென்றார். சிறுபான்மையினருக்குத் தனித் தொகுதி என்ற பண்டம் அங்கு பந்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை விரும்பவில்லை. வேலி கட்டிக்கொண்டு உள்ளே பாதுகாப்பாக வாழ்வதைவிட, நாட்டாரோடு கலந்து நிற்பதே கிறிஸ்தவனுக்கு அழகு என்பது அவர் கொள்கை. மறு ஆண்டே மறைந்தார். அவருக்குச் செயலாளராயிருந்து பயின்ற பா. தா. தேவநந்தன் அவர்களே பின்னாளில் நம் பெங்களூரில் ஐக்கிய இறையியற் கல்லூரி ஆசிரியராகி, 1957இல் சமயமும் சமுதாயமும் பற்றி ஆராயும் கிறிஸ்தவ நிலையம் ஒன்றையும் இங்கே நிறுவினார். புதிய நாட்டைக் கட்டும் வேலையிலும் இறைவன் கை உண்டு, அதைக் கண்டு அதில் இறங்குவதே சாட்சி என்று அவர் 1962இல் இறக்குமளவும் எழுதிவந்தார்.

இவர்கள் அனைவரும் பெரியவர்களே. ஆயினும் நம் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டவர் வேறொருவர். அவர் கணக்கு எழுதியவர். ஆதலால் நம் இனத்தார்! ஜே. சி. குமரப்பா அவர்களைச் சொல்கிறோம்.

1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். இலண்டனில் கணக்காய்வுக் கல்வி கற்றார். பம்பாயில் கணக்காய்வு நிறுவனம் நடத்தினார். உடையும் நடையும் முழுதும் மேனாட்டு முறை. 1927இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் அரசாங்க வரவு செலவை ஆராயத் தொடங்கினார். கணக்கன் கண்ணுக்கு ஒன்று தப்பாது: வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? ஏழைக் குடியானவனிடம் வாங்கிய பணம் அவனிடம் திரும்பவில்லை என்பதை ஏடுகளே அவருக்குக் காட்டின. மேடைப் பேச்சு எதுவும் அவரைத் தேசபக்தர் ஆக்கவில்லை. கூட்டலும் கழித்தலும் ஆக்கின.

1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பட்டுச் சட்டையும் கைத்தடியுமாகச் சபர்மதிக்குச் சென்றார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் கிழவர் ஒருவர் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். சந்திப்பு நேரத்திற்கு இன்னும் சில நிமிடம் இருந்தமையால் குமரப்பா நின்று வேடிக்கை பார்த்தார். பின்னரே அக்கிழவர் காந்தியடிகள் என்று அறிந்தார். ஒருவர் நாற்காலி கொண்டுவர, அதை வேண்டாவென்று விட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். கால்சட்டை போட்டவர் தரையில் உட்காருவது எளிதன்று! ஆன்ம விடுதலை பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். மடங்காத முழங்கால் மடங்கிய அந்தக் காட்சியைப் போல ஒன்றும் நமக்கு விளங்கவைத்ததில்லை. அவ்வாண்டிலேயே கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பா என்பதை மேற்கொண்டார். பெயரை மாற்றினாரே அன்றிச் சமயத்தை மாற்றவில்லை. இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

காந்தியடிகள் சொற்படி குஜராத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களில் அலைந்து குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். உப்பு அறப்போரில் காந்தியடிகள் சிறை சென்றபோது 'யங் இந்தியா' இதழை நடத்தினார்; அதற்காக 1931இல் தாமும் சிறை சென்றார். இதற்கிடையில் அவருடைய போராட்டம் வெள்ளை அரசோடு மட்டும் நிற்கவில்லை. தம் சொந்தத் திருச்சபையோடும் போராடினார். அடிபட்டும் திருப்பி அடியாத கூட்டம் தெருவில் நிற்கிறது. மலைப்பொழிவைப் படித்த நாம் அதைப் பார்த்து ஏன் வாய் மூடியிருக்கிறோம் என்பது அவருடைய கேள்வியின் சாரம். கல்கத்தாவிலிருந்த பேராயர் பாஸ் வெஸ்காட்டுக்கும் அவருக்கும் இது பற்றிக் கடிதப் போர் நடந்தது. பேராயர் கெட்டவர் அல்லர். சட்டம், ஒழுங்கு என்னும் கரையில் நின்று பேசினார். குமரப்பாவோ அடிபட்டவன் கிடக்கும் சாலையில் நின்று பேசினார். நல்ல சமாரியன் கதையில் விலகிப் போன ஆசாரியனும் லேவியனும்கூட ஒழுங்கு தவறாதவர்களே.

1934இல் பீகாரில் பெரும் பூகம்பம். நிவாரண நிதிக் கணக்கு குமரப்பா கையில். காந்தியடிகளோடு வந்த குழுவினரின் செலவையும் நிவாரண நிதியில் எழுத முடியாது என்று அவர் மறுத்துவிட்டார் என்று கூறுவர். மகாத்மாவின் செலவுச் சீட்டையே திருப்பி அனுப்பும் எழுத்தர்! இதைப் படித்த அன்று நாம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டோம். அதன் காரணத்தைப் பின்னே சொல்கிறோம்.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் இருந்துகொண்டு இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை தந்தார். வேடிக்கையாக அவருக்குத் தெய்வநூற் பேரறிஞர் பட்டமும், கிராமத் தொழிற் பேரறிஞர் பட்டமும் வழங்கினார். வேடிக்கையில் ஓர் உண்மை இருந்தது. ஒரே சிறையறையில் ஒரே பேனாவால் எழுதப்பட்டவை அவை. இரண்டும் ஒரே நூலின் இரு பாகங்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

உயிர்கள் வாழும் வகைகளை அவர் அந்நூலில் படிப்படியாக வைக்கிறார். இரையைக் கொன்று தின்னும் புலி கீழ்ப்படி. தான் நடாத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு அதற்கு அடுத்தது. தன் கூட்டத்திற்கெல்லாம் தேன் சேர்க்கும் தேனீ மேலே. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை எல்லாவற்றிற்கும் மேலே. வெள்ளையன் போய்விட்டான், நாற்காலியில் நம்மவன் உட்கார்ந்தான், அவனும் புலியாகவே இருந்தால் ஆட்டுக்கு என்ன விடுதலை? எடுப்பவனாயிருந்தவன் கொடுப்பவனாக மாறுவதைத்தான் எங்கள் வேதம் மனந்திரும்புதல் என்கிறது. அதைக் குமரப்பா கைக்குத்தல் அரிசியிலும், செக்கிலும், கிராமக் கைத்தொழிலிலும் கண்டார். அவர் சொன்ன வழி முழுதும் நடக்கக்கூடியதா என்று கேட்டால், நமக்கு ஐயம் உண்டு. நாம் ரயிலில் பிழைப்பவர்; எந்திரம் வேண்டாவென்று சொன்னால் நம் அடுப்பு எரியாது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி மாறவில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை வகித்து அறிக்கை தந்தார். பின்னர் மதுரைப் பக்கத்து டி. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். நாடு போன வழி அவருக்கு உவப்பாயில்லை; அதை அவர் ஒளிக்கவுமில்லை. 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

அன்பர்களே! நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. வெவ்வேறு மேனாட்டு மிஷன்கள் நமக்கு இட்டிருந்த வெவ்வேறு பெயர்ப்பலகைகளைக் கழற்றிவைத்து ஒன்றாய்க் கூடியது அது. அதற்கு வித்திட்டது 1919இல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டம். வெள்ளாளன்விளையில் பிறந்து முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக உயர்ந்த வே. ச. அசரியா அதில் முன்னின்றார். அரசியல் நிர்ணய சபையிலும் எச். சி. முகர்ஜி, சென்னை லயோலாக் கல்லூரியின் ஜெரோம் டிசௌசா பாதிரியார் முதலிய கிறிஸ்தவத் தலைவர்கள், சமயத்தின் பெயரால் தனி இடம் வேண்டாமென்ற முடிவுக்கு இசைந்தனர். சமயத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு உரிமை தந்தது. இவற்றையெல்லாம் அந்தத் தம்பிக்கு நாம் பெருமையாகச் சொல்லலாம்.

ஆனால் பெருமையோடு நிறுத்தினால் கணக்குச் சரியாகாது. மறுபக்கமும் எழுத வேண்டும். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஆலயத்திற்குள்ளேயே சாதியைப் பிரித்துச் சுவர் இருந்தது. 1910இல் பாதிரியார் அதை இடித்தார். இடித்தவர்மேல் வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்களே! வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, 1917இல் அவர்கள் கேட்ட உரிமை மறுக்கப்பட்டது. கத்தோலிக்க அன்பர்களைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. நம் புராட்டஸ்டண்டு ஊர்களில் செங்கல் இல்லாத சுவர்கள் பல உண்டு. பெண் பார்க்கப் போகும்போது தெரியும்; கல்லறைத் தோட்டத்தில் தெரியும். 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. பட்டியல் சாதியார் சலுகை கிறிஸ்தவரானவர்க்கு இல்லை என்று அது வகுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அது நியாயமன்று என்பது நம் கருத்து. ஆயினும் தனிமையில் எண்ணும்போது ஒன்று உறுத்துகிறது. திருச்சபையில் சாதி இல்லை என்று நாம் பிரசங்கித்ததைச் சர்க்கார் நம்பிவிட்டது. நாம்தாம் நம்பவில்லை.

இனி, குமரப்பாவின் கதை படித்து நாம் எழுந்து நின்ற காரணம். சில ஆண்டுகளுக்கு முன், ஊர்ப்பெயர் வேண்டா, ஒரு நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் இருந்தோம். வாடிக்கையாகச் சரக்கு அனுப்பும் ஒருவரின் மூட்டைகள் தராசில் ஏறின. தராசு காட்டிய எடை ஒன்று. எழுதச் சொன்ன எடை மற்றொன்று. சொன்னவர் நமக்கு மேலிருந்தவர். கையில் ஒரு காசும் நாம் வாங்கவில்லை. ஆனால் எழுதினோம். இடமாற்றம் வந்தால் பிள்ளைகள் பள்ளி கெடுமே என்ற அச்சம். காசு வாங்காததால் நாம் யோக்கியர் என்று பல நாள் நம்மைநாமே தட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

அதன்பின் வந்த பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் பிலாத்துவின் கதை வாசிக்கப்பட்டது. கட்டுண்டு நிற்பவர் இயேசு. ஆளுகை செய்பவர் பிலாத்து. விடுதலை செய்யவும் சிலுவையில் அறையவும் தமக்கு அதிகாரம் உண்டென்று அவரே சொல்லிக்கொள்கிறார். குற்றமில்லை என்பது தெரியும். ஆயினும் விடுவித்தால் இராயனுக்கு வேண்டாதவராகிவிடுவோமே என்ற அச்சம். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவுகிறார். எத்தனையோ முறை கேட்ட கதைதான். அன்றுதான் அந்த மண்டபத்தில் கைதி யார் என்பது நமக்குத் தெரிந்தது. கட்டுண்டவர் தமக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார். கட்டாதவர்தாம் தம் விருப்பத்தைச் செய்ய முடியாமல் தவித்தார். நம் கை விரல்களைப் பார்த்துக்கொண்டோம். மை இருந்தது.

விடுதலை இரண்டா, ஒன்றா என்ற கேள்விக்கு நமக்குக் கிடைத்த விடை அந்த இடத்தில்தான் கிடைத்தது. அஞ்சுகிற எழுத்தர்களைக் கொண்டு எந்த நாடும் சுதந்திர நாடாக இருக்க முடியாது. ஆயிரம் அலுவலகங்களில் ஆயிரம் பிலாத்துகள் கை கழுவினால், கொடி எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் எகிப்துதான். அதுபோலவே, பாவத்திலிருந்து விடுபட்டோம் என்று ஞாயிறன்று பாடிவிட்டுத் திங்களன்று பொய் எடை எழுதும் ஆன்மாவும் விடுபட்ட ஆன்மா ஆகாது. குமரப்பா சிறைக்குள் இருந்தும் விடுதலையாளர். நாம் வெளியில் இருந்தும் சிறையாளர்.

மறுமுறை அதே மூட்டைகள் வந்தன. உடனே வீரராகிவிட்டோம் என்று எண்ணாதீர்கள். அம்முறையும் எழுதினோம். மூன்றாம் முறைதான் "தராசு காட்டுவதையே எழுதுகிறேன், ஐயா" என்று சொன்னோம். குரல் நடுங்கியது நமக்கே கேட்டது. எதிர்பார்த்தபடி மாற்றல் வந்தது. எட்டு மாதம் வேறு ஊரில் தனிச் சமையல். வீட்டில், "உங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேலை?" என்று சலித்துக்கொண்டார்கள், சலிப்பு நியாயமே. பிள்ளைகளின் பள்ளி கெடவில்லை. நாம் அஞ்சியதில் பாதி நடக்கவேயில்லை. நடந்த பாதியும் தாங்கக்கூடியதாகவே இருந்தது. நாம் செய்தது இவ்வளவே. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முதல் இரண்டு சீட்டுகளும் எங்கோ ஒரு பழைய கட்டில் நம் கையெழுத்தோடு இன்றும் கிடக்கும்.

சென்ற வாரம் பந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் அந்தத் தம்பியைப் பிடித்து உட்காரவைத்து, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னோம். திருப்பத்தூர் அண்ணன்மாரையும், சேலத்துப் பாலையும், தஞ்சைக் குமரப்பாவையும், பார்சல் அலுவலகத்துத் தராசையும் ஒன்றும் விடாமற் சொன்னோம். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கலைந்து போகும்வரை பொறுமையாகக் கேட்டான். பின் எழுந்து கால்சட்டையிலிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டு, "இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்களே, மாமா. இந்தப் பெயர்களை உங்கள் ஆலயத்தில் ஏன் ஒருவரும் சொல்வதில்லை?" என்று கேட்டான்.

இதற்கும் அவனுக்கு ஒரு விடை தர வேண்டியிருக்கிறது.